நுண்ணோக்கி அம்மாவின் நீலப் பொத்தான்

ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாத அம்மா என்றொரு இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். பிள்ளை தும்மினால் பதற மாட்டாள். அது எந்தக் கிருமி, உடம்பில் எத்தனை நாள் தங்கும் என்று விளக்கம் சொல்வாள். சொல்லிக்கொண்டே மூன்றாவது தெர்மாமீட்டரை எடுப்பாள். காய்ச்சல் இல்லை என்று முதல் இரண்டும் சொன்னதில் அவளுக்குத் திருப்தி கிடையாது.

நம் கதாநாயகி இந்த இனத்தில் முதல் தரம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தலைமைப் பொறுப்பு. பகல் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்திருப்பதால், கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் நுண்ணோக்கி அம்மா. உதவியாளர் யாராவது வாய் தவறி, "பார்த்தாலே தெரியுது மேடம்" என்று சொல்லிவிட்டால் தொலைந்தார்.

"பார்த்தாலே தெரியறதுக்கு நீங்க என்ன மந்திரவாதியா? மறுபடியும் டெஸ்ட் பண்ணுங்க!"

மந்திரவாதி யார் என்பது அவள் வீட்டு வாசலில் காலையில் நின்று பார்த்தால்தானே தெரியும்! மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது சட்டைப்பைக்குள் ஒரு நீலப் பொத்தான் போகும். மூன்று வயதில் அவளுக்கு நிமோனியா வந்து, பிழைப்பாளா என்றிருந்தபோது, அம்மாவின் சட்டையிலிருந்து அறுந்த அந்தப் பொத்தானைப் பிடித்துக்கொண்டுதான் கண்ணைத் திறந்தாள். காப்பாற்றியது மருந்து. என்ன மருந்து, எந்த அளவு, கிருமியை அது எப்படிக் கொல்கிறது என்பதெல்லாம் அம்மாவுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் பொத்தான் அங்கே இருந்ததே! இருந்ததா இல்லையா? அன்று பயந்த பயம் காய்ச்சலோடு போகவில்லை. பொத்தானில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சிக்கல் நீச்சல் வகுப்பில் வந்தது. நீச்சல் உடையில் பை கிடையாது. அதைத் தைத்தவர்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை போலிருக்கிறது! அம்மா ஊசியும் நூலுமாக உட்கார்ந்து, பொத்தானை உடையின் உட்புறம் தைத்துவிட்டாள். நீச்சல் குளத்தின் ஓரத்தில் மகள் நெளிந்தாள்.

"அம்மா, குத்துது. பிச்சுடு."

"கொஞ்ச நேரம்தானே, பொறுத்துக்கோ கண்ணு."

"பிச்சாதான் எறங்குவேன்."

மற்ற பிள்ளைகள் எல்லாம் தண்ணீரில். பயிற்சியாளர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தண்ணீர் மகளின் இடுப்பளவுதான். தெரியும். தெரிந்து என்ன பயன்? கடைசியில் அம்மா பல்லால் நூலைக் கடித்துப் பொத்தானை எடுத்தாள். மகள் இறங்கினாள். பொத்தானைக் கைக்குள் இறுக்கியபடி, இத்தனை தூரத்திலிருந்து இது வேலை செய்யுமா என்ற கவலையோடு அம்மா கரையோரமாகவே கூட நடந்தாள்.

மகள் அந்தக் கோடியைத் தொட்டுத் திரும்பினாள். ஈரத் தலையோடு வந்து, அம்மாவின் மூடிய கையைப் பார்த்தாள்.

"ஒண்ணு சொன்னா அழமாட்டியே? அது அந்தப் பட்டன் இல்லம்மா. அது போன வருஷமே விளையாடறப்ப தொலைஞ்சு போச்சு. இது அதே மாதிரி இருக்கேன்னு அப்பா சட்டையில இருந்து நான் பிச்சது."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ என்னை வீட்டை விட்டே வெளிய அனுப்பியிருக்க மாட்டியே!"

எந்தத் தாயும் செய்யத் துணியாத சோதனையை மகள் சத்தமில்லாமல் ஒரு வருடம் நடத்தி முடித்திருக்கிறாள். அதன் முடிவும் கண்ணெதிரே தலை துவட்டிக்கொண்டு நிற்கிறது. அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. மகளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பரிசோதனைக்கூடத்து நிதானத்தோடு ஒரு முடிவுக்கு வந்தாள்: ஆக, எந்தப் பொத்தானும் வேலை செய்யும்!

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் அந்த இனம் இல்லை, ஒப்புக்கொள்கிறோம். ஒரே ஒரு உபகாரம் செய்யுங்கள். "என் பிள்ளைக்கு இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை, இனிமேலும் வராது" என்று, இப்போதே, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லுங்கள் பார்க்கலாம்.