செவி எண்ணிய நாடு

மேற்கே மலையும் கிழக்கே மணலுமாக நாதவளம் என்றொரு நாடு கிடந்தது. அங்கே ராஜா இல்லை. வெள்ளைக் கம்பெனி, கறுப்புக் கம்பெனி என்று இரண்டு கம்பெனிகள் இருந்தன. இரண்டும் விற்றவை இரண்டே பொருள்கள். மேசையில் வைத்து எழுதவும் கணக்குப் போடவும் ஒரு கணிப்பலகை. இடுப்பில் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்க ஒரு சிமிழ். சிமிழிலிருந்து கிளம்பும் நூல் காதுக்குள் போய் முடியும். வெள்ளைக் கம்பெனியின் சாமான் பார்க்க அழகு. ஆனால் திறந்து பார்க்க முடியாது, கெட்டால் அதோடு சரி. கறுப்புக் கம்பெனியின் சாமானை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். தினமும் காலையில் அது மூர்ச்சையாகிவிடுவதால் திறந்தே ஆகவேண்டும். வெள்ளையில் வாங்கிய பாட்டு கறுப்பில் பாடாது. இதனால் கல்யாணப் பேச்சுகள் பல முறிந்திருக்கின்றன.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல். ஓட்டுச்சீட்டு கிடையாது. செவிக்கணக்கர்கள் தெருத்தெருவாக வந்து எந்தக் காதில் எந்த நிற நூல் என்று எண்ணிக்கொண்டு போவார்கள். அதிகக் காதுகளை வைத்திருக்கும் கம்பெனி ஆளும். ஆட்சி எத்தனை முறை மாறினாலும் செவித்துறைச் செயலர் அம்பலவாணர் மட்டும் மாறமாட்டார். அவருடைய வலக்காதில் வெள்ளை நூல், இடக்காதில் கறுப்பு நூல்.

பெருங்கண் ஏரிக்குக் காவலர் சாத்தையா. ஏரிக்கரைமேல் எந்தக் கணக்கரும் மூச்சு வாங்கி ஏறிவரத் தயாராக இல்லாததால், அவர் காது மட்டும் சும்மா இருந்தது. மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். இருக்கிற ஒரே மகள் செவந்தியைக் கரைக்கு நேர் கீழே மடைக்கீழ் கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்கு இது நிறைமாதம்.

இரண்டு கம்பெனிகளும் ஒத்துப்போய்ப் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். முரசு, மணி, சங்கு முதலானவை பாட்டுக் கேட்கும் குடிமக்களுக்கு இடைஞ்சல் என்று அவற்றைத் தடை செய்தார்கள். கரைமேல் இருந்த வெள்ளமுரசை நான்கு பேர் வந்து இறக்கிக்கொண்டு போனார்கள். சாத்தையா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அடுத்த ஆண்டு, தெருவில் உரக்கப் பேசுவது செவியிடையூறு என்ற குற்றமாயிற்று. அதற்கடுத்து, கணக்கர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் பொழுது விடிந்து அடையும்வரை நூல் காதில் இருக்கவேண்டும் என்றார்கள். மக்களும் பழகிக்கொண்டார்கள். ஏர் உழுகிறவனும் துணி துவைக்கிறவளும் பாட்டுக்குத் தலையாட்டியபடியே வேலை செய்தார்கள். நாடே எல்லாவற்றுக்கும் சம்மதிப்பதுபோல இருந்தது. கடைசியாக, வெள்ளமோ தீயோ எந்த எச்சரிக்கையானாலும் கணிப்பலகையில் பதிந்து, சிமிழ் வழியாகவே மக்களுக்குச் சேரவேண்டும் என்று ஆணை வந்தது.

அந்த ஐப்பசியில் மழை நான்கு நாள் விடாமல் பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் காலையில் சாத்தையா இரண்டாம் மடைக்குப் பக்கத்தில் கரையடியில் குனிந்து பார்த்தார். எந்த ஏரியும் கொஞ்சம் கசியும். கசிவு தெளிந்து வரும்வரை பயமில்லை. இது கலங்கி வந்தது. உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார், மண் நின்றது. கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அதற்கு அர்த்தம். அப்படியே செவித்துறை அலுவலகத்துக்கு ஓடினார்.

வெள்ளைக் கம்பெனியின் பலகை பளிங்குபோல மின்னியது. எழுத்து எதுவும் இல்லை, ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால், 'மகிழ்ச்சி', 'மிகுந்த மகிழ்ச்சி' இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. கரை உடைகிறது என்று எங்கே எழுதுவது என்று கேட்டார். அவ்வளவு அழகில்லாத சொற்களுக்கு இந்தப் பலகையில் இடம் வைக்கவில்லை என்று குமாஸ்தா பெருமையோடு சொன்னார். கறுப்புக் கம்பெனியின் பலகையில் எல்லாச் சொல்லும் இருந்தன. அது மூன்று முறை 'நீர் யார்?' என்று கேட்டுவிட்டு, தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதாகவும் அதுவரை யாரும் தன்னைத் தொடவேண்டாம் என்றும் அறிவித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. அரைமணி நேரம் ஆயிற்று. வெளியே மழை இன்னும் வலுத்தது. சாத்தையாவுக்கு நின்ற இடத்தில் கால் நிற்கவில்லை. குமாஸ்தாக்கள் தடுக்கத் தடுக்கச் செயலரின் அறைக்குள் நுழைந்துவிட்டார்.

அம்பலவாணர் ஒரு காதை மட்டும் காலி செய்துகொண்டு கேட்டார். பிறகு இரு கம்பெனிப் பிரதிநிதிகளையும் வரவழைத்தார். எச்சரிக்கை புல்லாங்குழல் இசையோடு தொடங்கவேண்டும் என்றது வெள்ளை. எச்சரிக்கைக்கு முன்னால் தங்கள் புதிய சிமிழைப் பற்றி நாலு வார்த்தை, பின்னால் நாலு வார்த்தை என்றது கறுப்பு. அது நனைந்தாலும் பாடுமாம். இந்தப் பருவத்துக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு ஏது என்று வாதாடினார்கள். கூட்டம் முடிகிறபாடாக இல்லை.

"இரு தரப்பு வாதங்களும் மதிக்கத்தக்கவை" என்றார் செயலர். "எந்த நிறுவனம் இந்த எச்சரிக்கையை வழங்கும் பேறு பெறுவது என்பதை மக்களே முடிவு செய்யட்டும். இன்றிலிருந்து பத்தாம் நாள் சிறப்புச் செவிக்கணக்கு."

"பத்து நாள் கரை நிக்காதுங்கய்யா" என்றார் சாத்தையா. "இன்னிக்குப் பொழுது தாங்கினாலே பெருசு. கீழ என் மக இருக்கா, நெறமாசக்காரி."

"கரைக்கும் முறைப்படி தகவல் அனுப்பப்படும்" என்றார் செயலர், காதை மறுபடி நிரப்பிக்கொண்டு.

சாத்தையா அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. கடைத்தெரு வழியாக ஓடினார். செவியிடையூறு, சட்டம், சிறை எதுவும் ஞாபகமில்லை. தொண்டை கிழியக் கத்தினார். கடைத்தெருவில் எல்லார் இடுப்பிலும் நல்ல சிமிழ். அவர் வாய் அசைவதைப் பார்த்து, பாட்டுப் பாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துத் தலையாட்டினார்கள். நாலைந்து பேரின் நூலைப் பிடுங்கி எறிந்தார். அவர்கள் ஓடினார்கள். மற்றவர்கள் நூலைப் பிடுங்க நேரமில்லை.

மடைக்கீழில் நுழைந்தபோது அங்கேயும் அதே கோலம். வாசலுக்கு வாசல் நூல், ஆடுகிற தலைகள். இனி ஒவ்வொருவராக எப்போது பிடுங்கி முடிப்பது? சாத்தையாவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஒரு குரல் கொடுத்தார். "கரை ஒடையுது. பாறைமேட்டுக்கு ஓடுங்க."

அத்தனை தலையும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பின. ஆட்டம் நின்றது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, ஊர் மொத்தமும் பாறைமேட்டைப் பார்த்து ஓடியது. செவந்தியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஏறும்போதுதான் சாத்தையா கவனித்தார். அவள் காதிலிருந்து இறங்கிய நூல் இடுப்புச் சேலைக்குள் போய் அங்கே சும்மா முடிச்சுப் போட்டிருந்தது.

"சிமிழ் எங்கம்மா?"

"சிமிழுக்கு நாங்க எங்கப்பா போறது? இந்த ஊர்ல ஒருத்தர்கிட்டயும் கெடையாது. எல்லாம் வெறும் நூலு. கணக்கருக்காவத் தலைய ஆட்டுறோம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கள்ளக்காதுன்னு தெரிஞ்சா ஊரோட நாடு கடத்திருவாங்க. வெளிய சொல்லிராதப்பா."

அவர்கள் உச்சிக்கு வந்து திரும்பிப் பார்க்கையில் கரை வாய் பிளந்தது. மடைக்கீழ் மொத்தமும் நீருக்குள் போயிற்று. கடைத்தெருவில் பதினோரு பேர் போனார்கள்.

வெள்ளம் வடிந்த எட்டாம் நாள் சந்தை மைதானத்தில் விசாரணை நடந்தது. மடைக்கீழ்க்காரர்களை வரிசையாக நிறுத்தினார்கள். பதில் சொல்கிறவர் மட்டும் அந்த நேரத்துக்கு நூலைக் கழற்றிக்கொள்ளலாம். நூல் காதில் இருந்தும் எப்படித் தப்பினீர்கள் என்பதே செயலரின் ஒரே கேள்வி. முதலில் நின்ற கிழவர், சிமிழில் செய்தி வந்தது என்றார். எந்தச் சிமிழில்? வெள்ளையில் என்றார். வெள்ளைக் கம்பெனியார் எழுந்து கைதட்டினார்கள். அடுத்தவர் கறுப்பு என்றார். அந்தப் பக்கம் கைதட்டல்.

செவந்தியின் முறை வந்தது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். அவள் கண் அப்பாவைத் தேடிய விதத்திலேயே, அவளால் பொய் சொல்ல முடியாது என்று சாத்தையாவுக்குத் தெரிந்துபோயிற்று. அவர் முந்திக்கொண்டார்.

"நான் யாரையும் கூப்பிடலீங்க. வாயே தொறக்கல. எல்லாரும் சிமிழ்ல கேட்டுத்தான் ஓடினாங்க."

செயலர் திருப்தியோடு அதைப் பதிவு செய்யச் சொன்னார். பிறகு எழுந்து, கணீரென்ற குரலில் தீர்ப்பை வாசித்தார்.

"பெருங்கண் ஏரிக் காவலர் சாத்தையா, கரை உடையப்போவதை அன்று காலையிலேயே அறிந்திருந்தார் என்பதற்கு இந்த அலுவலகமே சாட்சி. அறிந்திருந்தும் ஊருக்குள் வாயே திறக்கவில்லை என்பது அவர் வாக்குமூலம். பதினோரு உயிர்கள் போனதற்கு அவரே பொறுப்பு. ஆயுள் சிறை. இதில் யாருக்கேனும் மறுப்பு உண்டா?"

மறுப்பதற்கு அந்தக் கேள்வி முதலில் காதில் விழுந்திருக்கவேண்டும். மைதானத்தின் ஓரங்களில் செவிக்கணக்கர்கள் ஏட்டோடு நின்றிருந்தார்கள். கடைத்தெருவில் நூல் பிடுங்கப்பட்டுத் தப்பிய நாலைந்து பேரும் மறுபடி நூல் மாட்டியிருந்தார்கள். மடைக்கீழ் சனம் முழுவதும் நூல் மாட்டிய காதோடு நேரே பார்த்தபடி, இல்லாத பாட்டுக்கு மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தது. செவந்தியும் ஆட்டினாள். அவள் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை எழவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகும்வரை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.