மழைக்கு விழிக்கும் சூரியப் பலகை

முருகன் துணை

இரண்டாம் டிவிஷன் லயம்,
காம்பார்.
17.10.84, புதன்கிழமை

அன்புள்ள மைத்துனர் ஜெயபாலனுக்கு,

அத்தான் உடையப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா வீரம்மாவும் பதினொரு கோழிகளும் சுகம். ஜெலாப்பாங்கில் நீயும் உன் மனைவி மக்களும் அவ்வாறே சுகமாயிருக்க அந்த முருகன் அருள வேண்டும். நிற்க. இந்த வீட்டில் சுகமில்லாதது ஒன்றே ஒன்றுதான். அது, நீ ஆகஸ்டு மாதம் எங்கள் கூரைமேல் ஏற்றிவிட்டுப் போன பலகை.

நான் கோபத்தில் எழுதவில்லை, குழப்பத்தில் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒரு மலை உச்சியில் தொலைபேசிக் கம்பத்துக்கு வைத்திருந்து கழற்றிப் போட்ட பலகையை, நீ எனக்காக உன் பட்டறையில் கேட்டு வாங்கி, லாரி பேட்டரி ஒன்றும், கரண்டு ஏறுவதை முள் காட்டும் சின்னப் பெட்டி ஒன்றும் சேர்த்துக் கொண்டுவந்து, தகரக் கூரையில் சாய்த்து மாட்டிக் கொடுத்தாய். "அத்தான், இனிமே தோட்டத்து எஞ்சினை நம்பிக்கிட்டு இருக்க வேணாம். பகல்ல வெயிலைக் குடிக்கும், பொழுது சாஞ்சா கரண்டு குடுக்கும்லா" என்றாய். ஆறு வாரம் அப்படியேதான் நடந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். லயத்துக்குக் கரண்டு தரும் தோட்டத்து எஞ்சின் மாலை ஆறு முதல் பத்து வரைதான் ஓடும் என்பதும், அதிலும் வாரத்தில் இரண்டு நாள் பெல்ட் அறுந்து படுத்துக்கொள்ளும் என்பதும் உனக்குத் தெரியும். அப்படி லயத்து வரிசை வீடெல்லாம் இருட்டில் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருக்க, நம் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்து, டிவி ஓடி, வாசலில் முப்பது செருப்பு கிடந்தது. முப்பது வருஷம் மண்டோராக ஆட்களை வேலை வாங்கிய மனுஷன் இப்போது சூரியனையே வேலை வாங்குகிறான் என்று லயம் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியதே நான்தான் என்று உன் அக்கா சொல்லுவாள், நம்பாதே.

அந்த மிதப்பில் ஒரு காரியம் செய்துவிட்டேன். முன்பெல்லாம் வாரம் ஒரு தடவை பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, காம்பாரில் ஒரு சீனர் கடையில் சார்ஜ் போட்டுக்கொண்டு வருவேன் அல்லவா? நேரே அந்தக் கடை முதலாளி தவுக்கேயிடம் போனேன். "தவுக்கே, இனிமே ஒன் கடைக்கு வர வேலை இல்ல. நமக்குச் சூரியனே வீடு தேடி வந்து சார்ஜ் போட்டுட்டுப் போகுது" என்று, ஆறு பேர் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டு வந்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை தீபாவளி. அன்று பிற்பகல் சரியாக மூன்று மணிக்கு டிவியில் ஒரு கூட்டுப் பாடல் இருக்கிறதாம். அதில் உன் அக்கா மகள் நவமணி பாடுகிறாளாம். கோலாலம்பூரில் அவள் வேலை செய்யும் ரேடியோ பாக்டரிப் பெண்கள் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். இரண்டாவது வரிசை, இடது ஓரம். இவையெல்லாம் அவள் தன் அம்மாவுக்கு எழுதியது, எனக்கு அல்ல. தோட்டத்து ஆபீசில் சொல்லி வைத்து நான் ஏற்பாடு செய்த, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை வேலை வேண்டாமென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறிப் பதினைந்து மாதம் ஆகிறது. இனி இந்தப் படியை மிதிக்காதே என்று நான் சொன்னதும், சொன்னபடியே அவள் மிதிக்காமல் இருப்பதும் உனக்குத் தெரிந்ததுதான். உன் அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, ஆகவே கடிதம் வந்தால் படித்துக் காட்ட வேண்டியது என் கடமை. அந்தக் கடமைக்காகத்தான் மூன்று தடவை படித்தேன். டிவியும் அப்படியே. எனக்கு ஒன்றுமில்லை. பெற்றவள் ஆசைப்படுகிறாள், அவள் பார்க்க வேண்டும். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்குத் தோட்டத்து எஞ்சின் ஏது? பலகை ஒன்றுதான் கதி. அது இப்போது படுத்துக்கொண்டது.

எப்படிப் படுத்தது என்று கேள். இரண்டு வாரத்துக்கு முன் ஆயுதபூசை. ரப்பர் பால்வெட்டுக் கத்தி, சைக்கிள், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த பிறகு, "சோறு போடற சாமானுக்கெல்லாம் வெச்சாச்சு, வெளிச்சம் போடறதுக்கு வெக்க வேணாமா?" என்றாள் உன் அக்கா. நியாயமான கேள்வி. ஏணியை நான் பிடித்துக்கொண்டேன், அவள் ஏறினாள். திருநீற்றைக் கெட்டியாகக் குழைத்து, பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மூன்று பட்டை, ஒவ்வொரு பட்டையும் என் உள்ளங்கை அகலம், நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம், நான்கு மூலைக்கும் நான்கு பொட்டு, குறுக்கே செவ்வந்தி மாலை. பார்க்க அவ்வளவு இலட்சணமாக இருந்தது, கீழே நின்று நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மறுநாள் முள் படுத்துவிட்டது. மண்டை பிளக்கிற வெயில், பலகையில் அப்பளம் பொரிக்கலாம், முள் மட்டும் அசையவில்லை.

கண் பட்டுவிட்டது என்றாள் உன் அக்கா. முப்பது செருப்பு வந்த வீட்டில் முப்பது ஜோடிக் கண் வந்திருக்கும்தானே? எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினோம். முள் எழவில்லை. இந்த நிலையில் திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு பேய்மழை பெய்தது. செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பார்க்கிறேன், முள் எழுந்து உட்கார்ந்திருக்கிறது! அடடா என்று உன் அக்காவைக் கூப்பிட்டேன். அவளும் பால்வெட்டி வந்து, குளித்து, நன்றி சொல்ல வேண்டாமா என்று, பதினொரு மணிக்கு ஏணி ஏறி, மழையில் போனதற்கெல்லாம் சேர்த்துப் புதிதாகத் திருநீறு சாத்தி, கற்பூரம் காட்டி இறங்கினாள். பன்னிரண்டு மணிக்கு முள் மறுபடியும் படுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மழை. சனிக்கிழமை காலை முள் எழுந்தது. உன் அக்கா மறுபடி பூசை போட்டாள், இந்தத் தடவை பட்டை ஐந்து. மத்தியானம் முள் காலி. எங்கள் பக்தியில் ஒரு குறை சொல்ல முடியாது, எனவே குறை உன் பலகையில்தான் இருக்க வேண்டும்.

நான் நன்றாக யோசித்துவிட்டேன், ஜெயபாலா. இது வெயிலுக்கு வேலை செய்யவில்லை, மழைக்கு வேலை செய்கிறது. மலை உச்சியில் எப்போதும் மழைதானே? அதற்கென்றே செய்த மழைப் பலகையை உன் பட்டறைக்காரர்கள் சூரியப் பலகை என்று உன் தலையில் கட்டிவிட்டார்கள். நீயும் சூதுவாது தெரியாதவன், வாங்கிக்கொண்டாய். சந்தேகம் தீர ஞாயிற்றுக்கிழமை கூரையேறி, உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். தலைக்குக் குடை பிடித்திருந்தேன், சூட்டில் பாவமாக இருந்ததால் பலகைக்கும் சேர்த்துப் பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "ஒரு வாளித் தண்ணிய ஊத்திப் பாருங்க, மழைனு நெனச்சுக்கும்" என்றாள் உன் அக்கா. கரண்டு சாமானில் தண்ணீர் ஊற்றுகிறாளாம்! அவளை அதட்டிக் கீழே இறக்கினேன். நல்லவேளை.

எஞ்சின் ஓட்டும் பத்துமலைக்கு இதில் ஒரே கொண்டாட்டம். பெல்ட் அறுந்த நாளெல்லாம் என் வீட்டு வெளிச்சத்தைப் பார்த்து வயிறு எரிந்தவன் அல்லவா? "மண்டோரே, வெயில்ல துணிதான் காயும், கரண்டு காயாதுலா" என்று லயத்துக்கே கேட்கச் சொன்னான். பல்லைக் கடித்துக்கொண்டு, தீபாவளியன்று மூன்று மணிக்கு ஒரே ஒரு கால் மணி நேரம் எஞ்சினைப் போட முடியுமா என்று அவனையே கேட்டேன். "ஆபீஸ் சொன்னாத்தான் போடுவேன். அன்னிக்கி நானும் வீட்டுல ஒரு வாய் சாப்பிடணும்லா அண்ணே" என்று போய்விட்டான். வேறு வழியில்லாமல் திங்கட்கிழமை பேட்டரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தவுக்கே கடைக்கே போனேன். அதே ஆறு பேர் நிற்கிறார்கள், அவர்களுக்கு வீடு வாசல் கிடையாதா என்று தெரியவில்லை. தவுக்கே பேட்டரியைப் பார்த்தார், ஆகாயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயா மண்டோர், சூரியன் இன்னிக்கி லீவா?" என்றார். நான் சைக்கிளை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். ஆறு மைல், மிதிக்க மிதிக்க பேட்டரி கனத்துக்கொண்டே வந்தது. காப்பிக்கடை டிவியில் போய்ப் பார்க்கலாமே என்று நீ கேட்பாய். நல்ல நாளும் அதுவுமாய்ச் சொந்த மகளை ஊரான் கடை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதா?

நான்கு நாளாக ஒரு பொட்டு மழை இல்லை. தீபாவளிக்கு மழை வரக் கூடாதென்று லயமே வேண்டிக்கொண்டிருக்க, வர வேண்டுமென்று நான் ஒருவன் மட்டும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள். ஆகவே நீ சனிக்கிழமைக்குள் வந்து, இந்த மழைப் பலகையைக் கழற்றிக்கொண்டு, நிஜமான சூரியப் பலகை ஒன்றை மாட்டிக் கொடு. அது முடியாவிட்டால் சார்ஜ் நிரம்பிய பேட்டரி ஒன்றாவது கொண்டுவா. அதுவும் முடியாவிட்டால் வராதே. கோபத்தில் சொல்லவில்லை, குழப்பத்தில்தான் சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அத்தானும் அக்காவும் நிறைய ஆசி சொன்னதாகச் சொல். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், விளக்கு அணையாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்
இரா. உடையப்பன்
(ஓய்வுபெற்ற மண்டோர்)

பின்குறிப்பு, வியாழக்கிழமை: மேலே எழுதியதை யாருக்கும் காட்டாமல் கிழித்துப் போடு. நானே கிழித்திருப்பேன், தபால் தலை ஒட்டியாகிவிட்டது. இதைப் போடுவதற்காகச் சைக்கிளில் முச்சந்திக்குப் போனேன். கோலாலம்பூர் பஸ் வந்து நின்றது. நவமணி இறங்கினாள். இளைத்திருக்கிறாள். பதினைந்து மாதத்துக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சில் முட்டிக்கொண்டு நிற்க, என் வாயில் வந்தது, "அங்க மழை பேஞ்சுச்சா?" என்பதுதான். "இல்லப்பா, நல்ல வெயில்" என்றாள். அவள் பெட்டியை வாங்கிக் கேரியரில் கட்டினேன். பேட்டரியைவிடக் கனம், ஆனால் தெரியவில்லை. கடிதம் சட்டைப் பையிலேயே வீடு திரும்பிவிட்டது.

வாசலில் நின்று கூரையைப் பார்த்தவள், "ஏம்பா, இது மூஞ்சில யாரு இவ்ளோ துன்னூறு அப்புனது? வெயில் எப்படிப்பா உள்ள போவும்?" என்றாள். நான் கத்தக் கத்தக் கேட்காமல் ஈரத்துணியோடு ஏறித் துடைத்தாள். முள் விருட்டென்று எழுந்து நின்றுவிட்டது. சாமிக்குத் திருநீறு பூசினால் சாமி வேலை செய்கிறதே, பலகை ஏன் செய்யாது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே துணியைப் பிழிந்தாள். ஆகவே பலகையைக் கழற்ற நீ வர வேண்டாம், அது நல்ல பலகைதான்.

ஆனால் வேறொரு குழப்பம் வந்துவிட்டது. இவள் அடுத்த வியாழன் வரை இங்கேதான் இருப்பாளாம். அப்படியானால் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கோலாலம்பூரில் இரண்டாவது வரிசை இடது ஓரத்தில் நின்று பாடப் போவது யார்? கேட்டேன். "அது போன மாசமே பாடிப் படம் புடிச்சு வெச்சிட்டாங்கப்பா. பேட்டரி மாதிரிதான், பகல்ல புடிச்சத ராத்திரி எடுக்கறோம்ல?" என்றாள். புரிந்துவிட்டது என்று தலையாட்டினேன். பேட்டரியே எனக்குப் புரியாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

உன் அக்கா முறுக்குச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, "புள்ளயே முன்னால ஒக்காந்திருக்கு, இனி டிவி என்னத்துக்கு?" என்கிறாள். அவளுக்கு வேண்டாமாம், ஜெயபாலா. எனக்கு வேண்டும். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். காலையிலிருந்து வீட்டுக்குள் வளைய வருகிறாள், எனக்கு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்த்தால் அவளும் பார்த்துவிடுவாள். டிவி என்றால் அந்தப் பயமில்லை, பாட்டு முடியும்வரை கண்கொட்டாமல் பார்க்கலாம். ஆகவே செவ்வாய்க்கிழமை குடும்பத்தோடு வந்து சேர், எதற்கும் இருக்கட்டும், பேட்டரி ஒன்று கொண்டுவா. இரண்டாவது வரிசை, இடது ஓரம். என் மூக்குக்கண்ணாடியை இப்போதே துடைத்து வைத்துவிட்டேன்.