பூஜ்யத்தை நம்பாத சி.ஐ.டி.

மலாக்கா டவுனில் சி.ஐ.டி. நம்பிய ஆள் என்று ஒருவர்கூடக் கிடையாது. அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சி.ஐ.டி. என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். போலீஸ்காரர் இல்லை, காஜா பேராங்கில் என்னோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த சீனியர் டெக்னீஷியன்.

மெர்டேகா கிடைத்து ஊரே பண்டார் ஹிலிரில் கூத்தாடியபோது, "வெள்ளக்காரன் நெசமாவே போயிட்டானா? கப்பல் ஏறுனத யாரு பாத்தது?" என்று கேட்டவர் அவர். ரொட்டி சானாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். "அண்ணே, அது ரொட்டி லா, அம்பது வெள்ளி நோட்டு இல்ல" என்று கடைக்கார நானா தலையில் அடித்துக்கொள்வார். பத்து வருடமாகத் தினம் போனில் பேசும் செரம்பான் டெக்னீஷியனிடமே, "நீதான் பேசுறேன்னு என்ன அத்தாட்சி? எங்க, இருமு" என்பார். அந்த ஆளும் பாவம், இருமுவார்.

பிற்பாடு செரம்பானுக்கு டிஜிட்டல் டிரங்க் போட்டார்கள். பேச்சை ஒன்றும் பூஜ்யமுமாக நறுக்கி அனுப்பும் லைன். பூஜ்யங்கள் தொடர்ந்து வந்தால் கம்பியில் துடிப்பே இராது, எதிர்முனைக் கருவி தாளம் தப்பிவிடும். பழைய ஏ.எம்.ஐ. முறைக்கு இதற்கு வழி தெரியாது. புதிய எச்.டி.பி.3 முறை நடுவில் தானே துடிப்புகளைச் செருகிவிடும். எதை வைத்தாலும் இரண்டு ஊரிலும் ஒன்றையே வைக்க வேண்டும்.

புதியதையே வைப்பதென்று செரம்பானோடு பேசி முடிவாயிற்று. நான் லைன் கருவியின் கார்டில், முறையைத் தீர்மானிக்கும் ஸ்ட்ராப் என்ற சின்ன இணைப்பை மாற்றிச் செருகி, செட்டிங் தாளில் கையெழுத்தும் போட்டேன். சி.ஐ.டி. முகம் கறுத்தார்.

"இல்லாத துடிப்ப இருக்குன்னு அனுப்புறதா? லீவு போட்டவனுக்கு ஆஜர் போடுற வேல லா இது!"

"எதிர்முனை அத எடுத்துட்டுத்தாண்ணே படிக்கும்."

"எடுப்பான்னு நீ கண்டியா? சரி, போய்ப் பசியாறிட்டு வா."

திரும்பி வந்தால் சிவப்பு விளக்கு, லைன் முழுக்கக் கரகரப்பு. இஞ்சினியர் தாளைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. கன்பர்மேஷன் கடிதம் அவர் மேசையில் கையொப்பத்துக்குக் காத்திருந்தது. புக்கிட் காதில் என்ற ஊரில் எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டாரோ, கடிதம் வந்தால்தான் கல்யாணத் தேதி என்று சொல்லியிருந்தார்கள்.

"ஒரு ஸ்ட்ராப் ஒழுங்கா வெக்கத் தெரியல, ஒனக்குக் கன்பர்மேஷன் ஒரு கேடா?"

அப்போது பின்னாலிருந்து ஓர் இருமல், சி.ஐ.டி.தான்.

"அவன் சரியாத்தான் வெச்சான். நாந்தான் பழைய முறைக்கு மாத்துனேன்."

"எதுக்கு மேன்?"

"இந்தக் கள்ள வேலைக்குச் செரம்பான்காரனும் ஒத்திருக்க மாட்டான், பழசத்தான் வெச்சிருப்பான்னு நெனச்சேன். வாழ்க்கையில மொத தடவ ஒருத்தன நம்புனேன் சார். பாருங்க, என்ன ஆச்சுன்னு!"

ஸ்ட்ராப் இடம் மாறியது, விளக்கு அணைந்தது, என் கடிதமும் கைக்கு வந்தது. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு போயிற்று. மூன்று மாதம் உஜோங் பாசிரில் கேபிள் குழியில் இறக்கிவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, போய்ப் பார்த்தேன்.

"ஏண்ணே ஒத்துக்கிட்டீங்க? நீங்க மாத்துனத யாரும் பாக்கலியே?"

குழிக்குள்ளிருந்தபடியே முறைத்தார். "நீ பாத்திருப்பியோன்னு ஒரு சந்தேகம்."

என்னைச் சாப்பிட அனுப்பியதே அவர்தான். நான் ரோட்டைத் தாண்டிக் கடைக்குள் போகும்வரை சன்னலில் நின்று பார்த்தவரும் அவர்தான். நல்ல மனுஷன் என்று எங்கே பெயர் வந்துவிடுமோ என்று பயந்திருப்பார், என் தங்கமான அண்ணன்.