அக்கா கல்யாணத்துக்கு நான் பறித்த மாவிலை

என் அக்காவின் கல்யாண ஆல்பத்தில் அப்பா ஒரு படத்தில்கூட இல்லை. புதிதாகப் பார்ப்பவர்கள், தவறிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். படத்தில் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கூலிமில் தொழிற்சாலை வேலை. ஷிப்ட் முடிந்து வந்து, மரங்களை அடையாளம் காண்பது எப்படி என்று இணையத்தில் ஒரு பாடம் படித்தேன். நடத்தியவர்கள் பனி பெய்யும் தேசத்துக்காரர்கள். கடைசிப் பரீட்சை முழுக்க மவுண்டன் ஆஷ் என்ற ஒரே மரத்தைப் பற்றி. நடுக்காம்பின் இரண்டு பக்கமும் வரிசையாகச் சிற்றிலைகள், ரம்பப் பல் மாதிரி ஓரம், வழவழப்பான சாம்பல் நிறப் பட்டை, கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம். படங்களில் அதைச் சரியாகப் பொறுக்கி நூற்றுக்கு நூறு வாங்கினேன். (எங்கள் ஊர் கரங்கானைச் சுற்றி இருப்பது ரப்பரும் எண்ணெய் எடுக்கிற செம்பனையும். அவற்றைக் கைக்குழந்தைகூடச் சொல்லிவிடும்.) சான்றிதழை அச்செடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். அம்மா இருந்திருந்தால் மாட்ட விட்டிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குக் கல்யாணம். வாசல் தோரணத்துக்கு மாவிலையும், ஹோமத்துக்கு மாஞ்சுள்ளியும் வேண்டும். பக்கத்து வீட்டு மாமரத்தைச் சமீபத்தில்தான் வெட்டியிருந்தார்கள்.

"பாசார் கடையில வாங்கிக்கலாம்மா," என்றார் அப்பா. செம்பனை லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

"எதுக்குப்பா? நான் இருக்கேன்ல."

வியாழக்கிழமை காலை ஆற்றோரத்தில் அந்த மரத்தைக் கண்டேன். நீள இலை, தடித்த இலை, கரும்பச்சை. மாவிலைதான், சந்தேகமே இல்லை. இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே, பட்டையைப் பார், பழத்தைப் பார், கசக்கி முகர்ந்து பார் என்று பாடத்தில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். பட்டையைப் பார்த்தேன். தார் வழிந்த மாதிரி கறுப்புக் கோடுகள். எவனோ எஞ்சின் எண்ணெயை மரத்தில் ஊற்றியிருக்கிறான் என்று மனித குலத்தின் மீது வருத்தப்பட்டேன். பழம் இல்லை, சீசன் இல்லை என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். கசக்கவில்லை. கல்யாணத்துக்குப் போகிற இலை, கசங்கலாமா? கையுறை போட்டுக்கொண்டு (நகப்பூச்சு புதிது) இரண்டு சாக்கு நிறைய இலை பறித்து, ஒரு கட்டுச் சுள்ளியும் ஒடித்தேன்.

மறுநாள் அப்பா தோரணம் கட்ட உட்கார்ந்தார். இரண்டு கையும் கயிற்றில் இருந்ததால் அடுத்தடுத்த இலைகளின் காம்பைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

"என்னம்மா, பால் இப்படிக் கறுக்குது?" என்று விரலைக் காட்டினார்.

"இது காட்டு மாப்பா. வேற ரகம்."

அவர் நம்பினார். வியர்வை வழிந்த கண்ணை அதே விரலால் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். சுள்ளிக்கட்டைக் கல்யாண மண்டபத்துக்கு அனுப்பினோம்.

சனிக்கிழமை விடிந்தபோது எனக்கு மணிக்கட்டுக்கு மேலே தீப்பட்ட மாதிரி கொப்புளம். அப்பாவின் அறையில் படுத்திருந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் மூடிப்போய், உதடு தொங்கி, நாக்கு வாயில் அடங்காமல் கிடந்தது. ஏதோ சொல்ல வந்தார். மூச்சுதான் வந்தது, அதுவும் சத்தத்தோடு.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்த பிறகு மலாய்க்கார டாக்டரம்மா என்னிடம் வந்தார். கைப்பேசியில் நான் எடுத்து வைத்திருந்த மரத்தின் படத்தைக் காட்டினேன்.

"அலாமா! இது ரெங்காஸ் மரம் லா. விஷப் பால். பட்டையில கறுப்பு வழியுது பாரு, அதுதான் அடையாளம். மிச்சத்தை எரிச்சிடாதே. புகை நுரையீரலுக்குப் போனா ரொம்ப ஆபத்து."

எரிப்பதற்கென்றே ஒரு கட்டு மண்டபத்தில் இருந்தது.

மண்டபத்தில் இருந்த அக்காவைக் கூப்பிட்டேன்; அப்பா ஆஸ்பத்திரியில் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். எடுத்தது மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை வீட்டார் பண்டார் பாருவிலிருந்து மண்டப ஏற்பாடுகளைப் பார்க்க வந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார் போல. பின்னால் ஒரு பட்டாளமே கேட்டது.

"ஆன்ட்டி, ஐயர்கிட்ட சொல்லுங்க, அந்தச் சுள்ளியை ஹோமத்துல போடக் கூடாது. அது மாமரம் இல்லை. விஷ மரம். நான்தான் பறிச்சேன்."

 அந்தப் பட்டாளத்திலிருந்து ஒரு ஆண் குரல்: "பொண்ணுக்கு இஷ்டம் இல்லைன்னா நேரா சொல்லிருக்கலாமே."

அக்கா அழுதது கேட்டது. அப்புறம் அவள் போனை வாங்கி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா பிழைச்சிருவாரா?"

"பிழைச்சிருவாரு," என்றேன். டாக்டர் அப்போது அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

ஞாயிறு காலை வார்டில் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில், கட்டுப் போட்ட கையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீக்கம் குறைந்திருந்தது, ஆனால் கண் திறக்கவில்லை. திரையில் நேரலையாக ஓடிய கல்யாணத்தை நான் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் கேட்டார்.

"சித்தப்பா தாரை வார்க்கிறாருப்பா. அக்கா சிவப்புப் பட்டுதான் கட்டியிருக்கா. இப்போ தாலி."

கெட்டிமேளம் அந்தச் சின்னக் கருவியில் தகரம் மாதிரி கேட்டது. அப்பாவின் மூடிய இமை ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்தது. புண்ணில் வருகிற நீர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஞ்சால் ஒற்றினேன்.

"மன்னிச்சிருங்கப்பா."

கையை லேசாக அசைத்தார். பேசாமல் கேள் என்று அர்த்தம்.

இப்போதும் பண்டார் பாருவில் விசேஷம் என்றால் எல்லாருக்கும் வாழை இலை போடுவார்கள். என் இடத்தில் மட்டும் தட்டு இருக்கும். "இவகிட்ட இலையக் கொடுக்காதீங்க, வேற பேரு வச்சிருவா," என்பார் அக்காவின் மாமியார். பந்தியே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். அவருடைய மேலுதட்டில் ஒரு பக்கம் வெள்ளையாகத் தழும்பு. அங்கே மீசை முளைப்பதில்லை. சிரிக்கும்போது அது நன்றாகத் தெரியும். நானும் கூடவே சிரித்துவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.