பதினோரு டீயும் ஒரு கொலைகாரனும்

ஷரஃபுதீன் பாய் பாண்டிபஜாரில் பிளாட்பாரக் கடை போட்டு மேலே வந்தவர். பேரம் பேசாமல் மூச்சுக்கூட வாங்கமாட்டார். தொண்ணூற்றொன்பதில் அப்படிப் பேசியே ஒரு கம்ப்யூட்டரை மயிலாப்பூர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். டெலிபோன் ஒயரை அதில் சொருகினால் வெளிநாட்டுத் தமிழ் ரேடியோ கேட்கிறது! மாலை ஆறரைக்கு மர்ம நாடகம். தனியாகக் கேட்டால் என்ன பெருமை? அக்கம்பக்கத்து பிளாட்டுகளிலிருந்து பத்துப் பேரைக் கூடத்தில் கூட்டிவிட்டார்.

"கமரு, பதினோரு டீ!"

இரண்டு வாரம் போட்டாள் மனைவி கமர் ஜஹான். மூன்றாம் வாரம் திங்கட்கிழமையிலிருந்து நாடகம் அறுந்தது. "கொலை செய்தது..." என்று ரேடியோ வாயைத் திறக்கும், கப்பென்று அடங்கிவிடும்.

"என்ன பாய், நல்ல இடமாப் பாத்துக் கழுத்தறுக்குது?" என்றார் எதிர்வீட்டு சந்திரமௌலி.

பாய் மேஜையைக் குத்தினார். அவமானத்தில் காது சிவந்தது.

"அனுமதி இல்லாம மத்தவங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு அந்த ரேடியோக்காரன் வெப்சைட்லயே போட்டிருக்குன்னு சந்திரமௌலி சார்தானே வாசிச்சாரு?" என்றாள் கமர் ஜஹான், வெகு அனுதாபமாக. "ஊரையே கூட்டிவெச்சா அவன் சும்மா விடுவானா?"

"பதினோரு பேர் கேக்கறது அவனுக்கு எப்படிடீ தெரியும்?"

"நீங்க தும்முற தும்மல் கேக்காதா?"

பாய்க்குத் திக்கென்றது. ஆனால் பேரம் கைவசம் இருக்க பயம் எதற்கு? சந்திரமௌலியை உட்காரவைத்து ரேடியோக்காரர்களுக்கு இ-மெயில் அடிக்கச் சொன்னார்: 'பதினோரு பேர் முடியாவிட்டால் எட்டு. தும்முகிறவர்களைக் கழித்துவிடுகிறேன். சனிக்கிழமை கடைசிப் பகுதி. என் மானம் உங்கள் கையில்.'

வெள்ளிக்கிழமையும் நாடகம் அறுந்த பிறகு பதில் வந்தது. கூடம் நிறைந்த கூட்டத்துக்கு சந்திரமௌலி அதைத் தமிழில் சொன்னார்:

"அந்த நிபந்தனை, ஒலிபரப்பை எடுத்துத் தங்கள் வெப்சைட்டில் போடுகிறவர்களுக்காம். வீட்டுக் கூடத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்கலாமாம். அவங்க எதையும் நிறுத்தலையாம். அதே லைன்ல இன்னொரு போன் இருந்து, அதை யாராவது எடுத்தா அறுந்துபோகுமாம்."

பத்துத் தலைகளும் சமையலறைப் பக்கம் திரும்பின. சுவரில் சிவப்புப் போன். ஒன்று வாங்கினபோது பாயே சண்டை போட்டு இனாமாகக் கறந்த இரண்டாவது போன்.

"கமரு!"

"கத்தாதீங்க. டீ வடிகட்டுறப்போ கை பட்டிருக்கும்."

"அஞ்சு நாளுமா?"

"அஞ்சு நாளும் பதினோரு டம்ளராச்சே."

பாய் அவளைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "நாளைக்கு மட்டும் அந்தப் பக்கமே வராதே கமரு."

"வரலை. டீ யாரு போடுறது? வந்தவங்களுக்கு டீ இல்லைன்னா உங்களுக்குத்தான் மானக்கேடு."

"ஆறு நீ, அஞ்சு நான்."

"பதினொண்ணும் நீங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக, எதிராளி சொன்ன விலைக்கே பாய் படிந்தார்.

சனிக்கிழமை நாடகம் ஒரு விக்கல் இல்லாமல் ஓடியது. பதினோரு டீயைக் கொடுத்து முடித்து, தனக்கென்று கடைசி டம்ளரை அவர் வடிகட்டும்போது கூடமே "அடப்பாவி!" என்று அலறியது. வடிகட்டியோடு ஓடிவந்தார்.

"யாரு? யாரு கொலை பண்ணது?"

அவர் நாற்காலியில் சாய்ந்திருந்த கமர் ஜஹான் ஒரு வாய் உறிஞ்சினாள்.

"சர்க்கரை கம்மிங்க."