ஒட்டி வைத்த மாப்பிள்ளை

டிப்போ டைம் கீப்பர் ஒரு சபதம் எடுத்திருந்தார். தலையே போனாலும் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எவனுக்கும் விட்டுத் தருவதில்லை. ஆறு நாள் பஸ்களை விரட்டுகிற மனுஷனுக்கு ஏழாவது நாள் படுத்துக் கிடக்கவும் உரிமை இல்லையா, நீங்களே சொல்லுங்கள்!

அந்த உரிமைக்கு வேட்டு வைத்தவர் மச்சான். மனைவியின் அண்ணன். புதிதாகச் செருப்புக் கடை போடுகிறாராம். ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறப்பாம். மனைவி ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். அன்று அவளுக்கு டியூட்டி. கிளம்பும்போது வாசலில் நின்று ஊசி குத்துகிற அதே நிதானத்தோடு பேசினாள்.

"நம்ம வீட்டு சார்பா நீங்க போய் ஒரு மணி நேரம் நில்லுங்க. போனீங்கன்னா இனி எந்த ஞாயித்துக்கிழமையும் உங்களை எழுப்ப மாட்டேன். போகலைன்னா, எல்லா ஞாயித்துக்கிழமையும் அண்ணன் கடை வேலைதான். சம்மதமா?"

"சம்மதம்."

அவள் தெருமுனை திரும்பினாளோ இல்லையோ, சம்மதித்தவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். ஒன்பதே முக்காலுக்கு போன் அடித்தது.

"என்னங்க, கடைக்கு..."

"கடை வாசல்லதான் நிக்கிறேன்! ஒரே கூட்டம்! ஒண்ணும் காதுல விழல, வச்சிடறேன்!"

இப்படி ஒரு பொய்யை அரைத் தூக்கத்தில் சொல்வதற்கும் ஒரு திறமை வேண்டும். தன்னைத் தானே மெச்சிக்கொண்டு மறுபடியும் தூங்கினார்.

இரண்டு மணிக்கு வந்ததையா வினை. மனைவி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். கடை வாசலில் மச்சான், இரு பக்கமும் உறவுக்காரர்கள் நாலு பேர், எல்லோர் முகத்திலும் முப்பத்திரண்டு பல். கீழே ஒரு கேள்வி: "இதுல நீங்க எங்க?"

டைம் கீப்பர் போர்வையை உதறி எழுந்தார். "அப்போ தண்ணி குடிக்கப் போயிருந்தேன். நான் இருக்கற போட்டோ தனியா இருக்கு" என்று அடித்து அனுப்பினார்.

"சரி, நாலரைக்கு வந்து பாக்கறேன்" என்று பதில் வந்தது.

இரண்டரை மணி நேரம். இல்லாத போட்டோவை உண்டாக்க வேண்டும். ரெண்டு வீடு தள்ளி, பேனர் அச்சடிக்கிற தம்பிக்கு போன் போட்டார். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே படம் வெட்டி ஒட்டுகிற மென்பொருள் இருந்தது. அதை யார் போட்டார்கள் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

"தம்பி, ஒரு போட்டோவுல என்னை நுழைக்கணும். உயிர் போற அவசரம்."

"அதுக்கென்ன சார். உங்க படம் ஏதாவது எடுங்க. முதல்ல கிராப் பண்ணிடுங்க."

"சலூனுக்குப் போக ஏது தம்பி நேரம்? அவ நாலரைக்கு வந்துடுவா!"

"ஐயோ, முடி இல்ல சார். படத்தை! தேவையில்லாத ஓரத்தை வெட்டறதுக்குப் பேர்தான் கிராப்."

டிப்போ ஆண்டு விழாப் படம் ஒன்று கிடைத்தது. அவர் தோளில் மெக்கானிக் கை போட்டுக்கொண்டு நிற்கிற படம். கிராப் செய்ததில் மெக்கானிக் போய்விட்டார். கை மட்டும் போகவில்லை.

"தம்பி, என் தோள்ல யாரோ அஞ்சு விரலை வச்சிட்டுப் போயிருக்காங்க!"

"அதை அப்புறம் பாக்கலாம். இப்ப உங்களை லேயரா கொண்டு போங்க."

"லாயரா? அந்த அளவுக்கு விஷயம் முத்திடுச்சா?"

"லாயர் இல்ல சார், லேயர்! ஒரு படத்து மேல இன்னொரு படம். கண்ணாடித் தாளை அடுக்கற மாதிரி."

மணி மூன்று பத்து. கண்ணாடித் தாளில் டைம் கீப்பர் வந்து இறங்கினார், மச்சானைவிட இரு மடங்கு பெரிதாக. மச்சான் அவர் இடுப்பளவுக்குத்தான் இருந்தார். வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்படிப் பார்த்தோமே என்று மனசு குளிர்ந்தது. ஆனாலும் மூலையைப் பிடித்துச் சுருக்கினார். அடுத்தது விரல்கள்.

"குளோன் ஸ்டாம்ப்னு ஒரு முத்திரை இருக்கும் சார். நல்ல இடத்தைத் தொட்டு எடுத்து, கெட்ட இடத்துல பூசுங்க."

பூசினார். விரல் நான்காயிற்று, மூன்றாயிற்று. கை வழுக்கியது. மச்சானுக்கு இரண்டாவது மூக்கு முளைத்தது.

"தம்பி! மச்சானுக்கு ரெண்டு மூக்கு! ஒண்ணை வச்சிக்கிட்டே அவர் எல்லாத்துலயும் நுழைக்கிறாரு!"

"பதறாதீங்க. அண்டூ அமுக்குங்க. செஞ்சது இல்லைன்னு ஆயிடும்."

அமுக்கினார். மூக்கு போயிற்று. டைம் கீப்பர் அந்தப் பொத்தானையே உற்றுப் பார்த்தார்.

"இதை அமுக்கிக்கிட்டே இருந்தா கல்யாணம் வரைக்கும் பின்னால போக முடியுமா தம்பி?"

"சேவ் பண்ணி மூடின ஃபைலுக்கு அண்டூ கிடையாது சார்."

நாலு இருபத்தைந்து. விரல்கள் மறைந்தன. கால் மட்டும் முழங்காலோடு நின்றதால் செருப்புப் பெட்டிகளுக்குப் பின்னால் அவரை நிறுத்தியாயிற்று. சேவ் செய்து போனில் ஏற்றும்போது வாசல் கதவு திறந்தது. ஆயுசுக்கும் ஞாயிற்றுக்கிழமை, அவள் கண்ணில் இருக்கிறது!

மனைவி போனை வாங்கினாள். இரண்டு விரலால் படத்தை விரித்தாள். இன்னும் விரித்தாள்.

"அண்ணன் முகத்துல நிழல் வலப்பக்கம் விழுது. உங்களுக்கு இடப்பக்கம்."

"ரெண்டு பக்கமும் வெயில் அடிச்சுது."

"ஒரே நேரத்துலயா?"

"கடை... பெரிய கடையில்ல?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை, சிரிப்பு வந்துவிட்டது.

"ஏங்க, ஷட்டர் பூட்டைத் திறக்க முடியாம, திறப்பையே அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டாங்க. கடைக்குப் போக வேண்டாம்னு சொல்லத்தான் ஒன்பதே முக்காலுக்கு போன் பண்ணினேன். நீங்கதான் ஒரே கூட்டம்னீங்க."

"அப்போ... நீ அனுப்பின போட்டோ?"

"போன வாரம் எடுத்த கடைப் படத்துல அஞ்சு பேரையும் நான்தான் ஒட்டினேன். சாப்பாட்டு நேரத்துல."

"உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

"பேனர் தம்பிதான், ஒரு மாசமா. அண்ணன் கடைச் செருப்பையெல்லாம் கம்ப்யூட்டர்ல விக்கப் படம் வெட்டணும். ஒண்டியா எப்படி முடிக்கப்போறேன்னு மலைச்சுப் போயிருந்தேன். நீங்க பாருங்க, ஒரே மத்தியானத்துல கத்துக்கிட்டீங்க!"

நாற்காலியை இழுத்துப்போட்டு, அவர் தோளைப் பிடித்து அன்போடு உட்கார வைத்தாள். கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்தாள்.

"மொத்தம் முந்நூறு. அண்ணன் அவசரத்துல எல்லாத்துலயும் இடது கால் செருப்பை மட்டும்தான் எடுத்திருக்கார். வலது காலை நீங்கதான் உண்டாக்கணும்."