சாவியைப் பெருக்கித் தள்ளியவன்

இருந்தவர்கள்: சூப்பர்வைசர் தாஸ். திருநெல்வேலியிலிருந்து வந்து சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்திருந்த இன்ஜினியர் பெண் செல்வி. மூன்றாவது, நான். நான் மட்டும் லீவு போட்டிருந்தால் அன்று ஒன்றும் நடந்திருக்காது.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி. கார்களுக்குள் போகும் எலெக்ட்ரானிக் போர்டு செய்கிறோம். அந்த போர்டு செய்யும் லைனில் நான் கான்ட்ராக்ட் ஆள். ஒவ்வொரு போர்டிலும் ஒரு சாவியை ஏற்ற வேண்டும். இரும்புச் சாவி இல்லை, ஒரு ஃபைல். அது இருந்தால்தான் கார் அந்த போர்டை நம்பும். அந்த ஃபைலைப் பிரித்துப் படிக்க செல்வி பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள்.

"அண்ணே, இந்த பென் டிரைவ்ல உள்ள சாவிய சிஸ்டத்துல காப்பி பண்ணிருங்க. மீட்டிங் முடிச்சிட்டு வாரேன்."

காப்பி செய்தேன். அதோடு எழுந்து போயிருக்கலாம். (நான் எட்டாவது வரைதான். ஆனால் அந்த மாதம் சுத்தத்துக்குப் பரிசு எனக்கு. போட்டோகூட சுவரில் தொங்கியது.)

திறந்து பார்த்தேன். இரண்டு வரி. ஒரே குப்பை. கட்டம், கேள்விக்குறி, வளைந்த கோடு. நடுவில் அங்கங்கே நல்ல இங்கிலீஷ் எழுத்து.

தேவையில்லாதது கண்ணில் பட்டால் எடுத்துவிட வேண்டும். எங்கள் லைன் சட்டம் அது. குப்பையை அழித்தேன். எழுத்தை வைத்தேன். சேவ் செய்தேன். மேசையில் பென் டிரைவ் கிடந்தது. அதையும் வேண்டாத சாமான் பெட்டியில் போட்டேன். டீ குடிக்கப் போனேன், நிம்மதியாக.

செல்வி வந்து புரோகிராமை ஓட்டினாள். திரை முழுக்கச் சிவப்பு.

"ஃபைல தொறந்தியளாண்ணே?"

"சுத்தம் பண்ணி வெச்சிருக்கேம்மா."

தலையில் கை வைத்தாள். "அது பைனரிண்ணே! நாம வாசிக்கதுக்கு இல்ல, புரோகிராம் வாசிக்கதுக்கு. ஒரு துளி கொறஞ்சாலும் பிரியாது!"

லைன் நின்றது. தாஸ் வந்தார். "இன்னாய்யா பண்ணி வெச்ச? ரெண்டு மணிக்கு லாரி. போர்டு போவலன்னா உன் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட சரி."

சாவியை அனுப்பியவர்கள் இருப்பது அமெரிக்காவில். அங்கே இன்னும் விடியவில்லை.

"பென் டிரைவ் எங்கண்ணே?"

சொன்னேன். மூவரும் ஓடினோம். பெட்டி காலி. பழைய சாமான் எடுக்கும் வண்டி கேட்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

தாஸ் ஓடிக்கொண்டே கும்பிட்டார். "வல்லக்கோட்டை முருகா, கெடைச்சா இவனுக்கு மொட்டை போடறேன்!"

(என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.)

வண்டியை மறித்து மூட்டையைக் கொட்டினோம். போல்ட், கிழிந்த கையுறை, உடைந்த மூக்குக்கண்ணாடி. அடியில் பென் டிரைவ். செல்வி அதை ஊதிச் செருகினாள். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு சாவி பிரிந்தது. லைன் ஓடியது.

லாரி போனதைப் பார்த்த பிறகுதான் படியில் உட்கார்ந்தேன். கான்ட்ராக்ட்டை நீட்டித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மொட்டை. தாஸே கூட வந்து நின்றார்.

இன்றும் வீட்டில் நான் துடைப்பத்தைத் தொட்டால் மகள் கத்துகிறாள்: "அம்மா, அப்பா பெருக்குறாரு, போனை எடுத்து வெச்சிக்க!"

நான் சேவ் செய்த ஃபைலைச் செல்வி அழிக்கவில்லை. பெரிதாக அச்செடுத்துத் தன் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். புதிதாகச் சேருகிறவர்களை நிறுத்தி, அண்ணன் விட்டுவைத்த எழுத்துகளை எண்ணச் சொல்வாள்.

பதினொன்று.